மாமா வீட்டு ஹோலின் பரப்பளவு

கணிதம் படிப்பிக்கிறவனுக்கு ஒரு தனித் தைரியம் வந்துவிடும். வகுப்பில் யாரும் எதிர்த்துக் கதைப்பதில்லை. வீட்டிலும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்வான். திருமணம் முடித்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி சாய்ந்தமருதில் மனைவி வீட்டில் குடியேறிய புதிதில் எனக்கு அந்தத் தைரியம் உச்சத்தில் இருந்தது.

அப்போதுதான் மனைவியின் தங்கை ஸப்ராவைப் பெண் பார்க்க மருதமுனையிலிருந்து ஆட்கள் வருவதாகத் தகவல் வந்தது. மாப்பிள்ளை நில அளவையாளர். முன் ஹோலின் சீமெந்துத் தரை வெடித்துக் கிடந்ததால், அதை மூட ஒரு பிளாஸ்டிக் காபட் வாங்கத் தீர்மானித்தார் மாமா.

"அளவெடுக்க மேசனக் கூப்பிடவா?" என்று கேட்டார்.

"என்னத்துக்கு மாமா? நான் இரிக்கன்தானே." (இந்த வசனத்தை நினைத்தால் இன்றைக்கும் காது சுடும்.)

அளவு நாடாவோடு இறங்கினேன். நான்கு சுவரும் அச்சொட்டாகப் பன்னிரண்டு அடி. மாமியையும் மனைவியையும் ஸப்ராவையும் வரிசையாக நிறுத்தி, சதுரத்தின் பரப்பளவுக்குப் பக்கத்தைப் பக்கத்தால் பெருக்க வேண்டும் என்று பாடமே எடுத்துவிட்டேன். பன்னிரண்டு பெருக்கல் பன்னிரண்டு, நூற்று நாற்பத்து நான்கு சதுர அடி.

"மூலையெல்லாம் நேரா இரிக்கா?" என்றாள் மனைவி.

"நாலு பக்கமும் சமன். பொறகென்ன மூலை?"

கல்முனைக் கடையொன்றில் அச்சுச் சதுரமாக வெட்டுவித்து, ஆட்கள் வரவிருந்த அன்று காலையில் ஓட்டோவில் கொண்டுவந்து இறக்கினேன். விரித்தோம். வாசல் சுவரோடு ஒட்டிப் பிடித்தால், ஒரு பக்கம் காபட் சுவரில் ஏறியது. எதிர்ப்பக்கம் வெடித்த தரை முக்கோணமாகப் பல்லைக் காட்டியது. அடுத்த சுவரோடு ஒட்டிப் போட்டோம். பல் இடம் மாறியது, அவ்வளவுதான்.

"ஏறின பக்கத்த வெட்டுவமா?" என்றாள் மனைவி.

"வெட்டினா சதுரம் போயிரும்." (போக அங்கே சதுரமே இருக்கவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.)

முக்கோணத்தின் மேல் சோபாவைத் தள்ளி மறைத்தோம். சுவரில் ஏறிய மூலையை அமுக்க வேறு பாரம் கிடைக்கவில்லை. நானே ஏறி நின்றேன்.

அஸர் தொழுகைக்குப் பின் ஆட்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் வாப்பா என்னைப் பார்த்து, "தம்பி ஏன் நிக்கிறீங்க? இரிங்களன்" என்றார்.

"பரவால்ல. வாத்திமாருக்கு நிண்டுதான் பழக்கம்."

அவர் முகத்தில் என் மேல் ஒரு மரியாதை படர்ந்தது. அந்த மரியாதைதான் வினையானது. பக்கத்தில் மாமி கொண்டுவந்து வைத்த ஸ்டூலில் சர்பத் கிளாஸ்கள் இருந்தன. பெரியவர் எழுந்து வந்து ஸலாம் சொல்லிக் கையை நீட்டினார். நானும் பணிவாக ஓரடி முன்னால் வைத்தேன்.

காபட் மூலை பாம்பு மாதிரி எழும்பியது. ஸ்டூல் சரிந்தது. அவருடைய வெள்ளைச் சாரன் முழங்காலுக்குக் கீழே ரோஸ் நிறமானது. மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

மாப்பிள்ளை குந்தியிருந்து அந்த மூலையைப் பார்த்தார். பிறகு எதிர் மூலையைப் பார்த்துவிட்டு, அண்ணன் முறை வைத்து என்னைக் கூப்பிட்டார்: "காக்கா, நாலு பக்கமும் சமன்தான். ஆனா மூலை சரிஞ்சி கிடக்கு. இது சாய்சதுரம். பக்கத்தப் பக்கத்தால பெருக்கினா சரிவராது" என்றவர், குரலைத் தாழ்த்தி, மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "காக்கா என்ன பாடம் படிப்பிக்கிற?"

"கணிதம்."

திரைக்குப் பின்னால் ஸப்ரா அடக்க முடியாமல் சிரித்தது முழு ஹோலுக்கும் கேட்டது. அந்தச் சிரிப்பில்தான் தனக்கு மனம் விழுந்தது என்று சகலன் இன்றுவரை சொல்கிறார். அன்றைக்கே இரண்டு பக்கமும் ஓம் சொல்லிவிட்டார்கள். ஆக, அந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்தவன் நான்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அவர்களுடைய மகள் கதைக்கத் தொடங்கியபோது, என்னைப் 'பெரியவாப்பா' என்று கூப்பிடப் பழக்கச் சொன்னேன். தகப்பன் என்ன பழக்கினாரோ, 'சாய்வாப்பா' என்றுதான் கூப்பிடுகிறாள். போன பெருநாளைக்கு அவளுடைய பள்ளித் தோழியும் வந்து, "அஸ்ஸலாமு அலைக்கும், சாய்வாப்பா" என்றாள்.

"வஅலைக்கும் ஸலாம்" என்று நானும் கம்பீரமாகவே பதில் சொன்னேன்.