கொடுக்காத கோலுக்குக் காவடி

நடுவரோடு சண்டை போட்ட ரசிகர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். நாற்காலியை உடைத்தவர்கள் உண்டு, டிவியை உடைத்தவர்கள் உண்டு, நிச்சயமான கல்யாணத்தையே உடைத்துக்கொண்டவர்களும் உண்டு. ஆனால் நடுவர் கொடுக்காத ஒரு கோலுக்காக முருகனுக்குக் காவடி எடுத்த மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் முடி வெட்டும் கடை வைத்திருக்கிறார். பெயர் ஆஃப்சைட் அண்ணன்.

பெற்றோர் வைத்த பெயர் வேறு ஏதோ. கடைப் பலகையில் அது இருந்தது. வெயிலும் மழையும் சேர்ந்து அழித்த பிறகு அண்ணன் மறுபடி எழுதவில்லை. ஒருமுறை ஆஸ்பத்திரியில் தாதி அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவரைத் தட்டி எழுப்பி, "போங்கண்ணே, ஒங்களத்தான் கூப்புடுறாங்க" என்று அனுப்பி வைத்தாராம். நான் நம்புகிறேன்.

அண்ணனைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் முதலில் மின்னலைத் தெரிந்துகொள்ள வேண்டும். மின்னல் எங்கள் மாநில அணியின் முன்னணி ஆட்டக்காரர். ஆயர் தாவார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பால்மர நிரைகளுக்கு நடுவே வெறுங்காலோடு பந்தை வளைத்து வளைத்து ஓட்டிப் பழகியவர். அப்படி ஓட்டியதில் மரத்துப் பால் பிடிக்கும் மங்குகளைக் கவிழ்த்து, வேலையை மேற்பார்க்கும் தண்டலிடம் வாங்கிய திட்டுகளுக்குக் கணக்கில்லை. அந்தத் தோட்டம் இப்போது எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டமாகிவிட்டது. மின்னலுக்கும் தலை நரைத்துவிட்டது. ஆனால் புந்தோங் காப்பிக்கடைகளில் அவர் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறார்.

என் வயதுக்காரர்கள் நடுவில் உட்கார்ந்து மின்னல் பெயரைச் சொல்லிப் பாருங்கள். ஆற்றிக் கொடுத்த தே தாரிக் டீ ஆறி ஏடு கட்டிவிடும். லோரி மணி இருக்கிறாரே, என் பால்ய சிநேகிதர், அவர் சொல்லும் ஒரு கோல் ஆரம்பத்தில் பெனால்டி கட்டத்துக்கு வெளியிலிருந்து அடித்ததாக இருந்தது. சில வருடங்களில் அது மைதானத்தின் நடுக்கோட்டுக்குப் பின்வாங்கியது. இப்போது எங்கள் கோல்கம்பத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. மணி இன்னும் கொஞ்ச காலம் ஆரோக்கியமாக இருந்தால், மின்னல் அதைத் தைப்பிங் ஊரிலிருந்து அடித்ததாக ஆகிவிடும். இதில் வேடிக்கை என்னவென்றால் மணி அந்த ஆட்டத்துக்குப் போகவே இல்லை. மின்னல் ஆட்டத்தை நேரில் பார்த்தேன் என்று சத்தியம் செய்கிறவர்கள் எல்லோரும் நிஜமாகவே போயிருந்தால், ஸ்டேடியத்தைக் கம்பார் ஊர் வரை இழுத்துக் கட்டியிருக்க வேண்டும்.

ஆஃப்சைட் அண்ணன் போனார். அதுதான் வினை.

அது கிண்ணத்துக்கான இறுதி ஆட்டம். அதற்கு முதல் நாள் அண்ணன் முருகனிடம் வேண்டிக்கொண்டார்: "மின்னல் ஒரு கோல் போட்டா வர்ற தைப்பூசத்துக்குக் காவடி எடுக்குறேன்." ஜெயிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. கோல் மட்டும்தான் கேட்டார். மின்னலும் போட்டார். பந்து வலைக்குள் போனது, கூட்டம் எழுந்து கத்தியது, அண்ணன் யார் என்றே தெரியாத ஒரு சீனக் கிழவரைத் தூக்கிச் சுற்றினார். இறக்கிவிட்டுப் பார்த்தால் லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். ஆஃப்சைட். கோல் இல்லை. கிண்ணமும் இல்லை.

மற்றவர்கள் இரண்டு நாள் திட்டிவிட்டு வேலைக்குப் போனார்கள். தைப்பூசம் வந்தபோது அண்ணன் விரதம் இருந்து மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு நின்றார். நாங்கள் பதறிப்போனோம்.

"அண்ணே, அதான் கோலே இல்லன்னுட்டானே. எதுக்குக் காவடி?" என்றார் மணி.

"பந்து வலைக்குள்ள போச்சா இல்லியா?"

"போச்சு."

"முருகன் வேல அதோட முடிஞ்சிருச்சுலா. கொடியத் தூக்குனது முருகனா? அவரு குடுத்துட்டாரு, இவன் புடுங்கிட்டான். அதுக்கு நான் சாமிய ஏமாத்த முடியுமா?"

முதுகில் அலகு குத்தி, புந்தோங்கிலிருந்து கல்லுமலை முருகன் கோயில் வரை வெயிலில் நடந்தார். வழியில் தண்ணீர் கொடுத்த ஓர் அக்கா, வேண்டுதல் என்றால் நோய் நொடிக்காகத்தான் இருக்கும் என்று நினைத்து, "வீட்டுல யாருக்குப்பா ஒடம்பு முடியல?" என்று பரிவோடு கேட்டார்.

"லைன்ஸ்மேனுக்குக்கா," என்றார் அண்ணன். "கண்ணுல கோளாறு."

அன்றிலிருந்து அந்தக் கோலை நிரூபிப்பதுதான் அவருடைய தொழில். முடி வெட்டுவது சும்மா கைச்செலவுக்கு. நம்மை நாற்காலியில் உட்கார வைத்துக் கழுத்தில் துணியைக் கட்டியதும் கண்ணாடி முன்னால் ஆட்டம் தொடங்கிவிடும். பவுடர் டப்பா கோல்கீப்பர். தண்ணீர்க் குப்பி எதிரணியின் கடைசித் தடுப்பாளர். சவரப் பிரஷ்தான் மின்னல். படிகாரக் கல் பந்து. கூட ஆடுகிறவர் பந்தை உதைத்து அனுப்பும் நேரத்தில் மின்னல் அந்தத் தடுப்பாளரைத் தாண்டி நிற்கக் கூடாது, அவ்வளவுதான் விதி. அண்ணன் கணக்கில் பிரஷ் எப்போதும் குப்பிக்கு ஒரு விரற்கடை பின்னால்தான் இருக்கும்.

"இப்ப நீயே சொல்லு, இது ஆஃப்சைடா?" என்பார். அவர் கையில் சவரக்கத்தி, அது நம் தொண்டைக்குப் பக்கத்தில். சத்தியமாக இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் எல்லோரும் உயிரோடு வீடு போனோம். எதிர்த்துப் பேசத் துணிந்த ஒரு வங்கி அதிகாரி ஒரு பக்கக் கிருதாவோடு வேலைக்குப் போனதாக வரலாறு உண்டு.

ஒரு நாள் வெளியூர்க்காரர் ஒருவர் சவரத்துக்கு வந்தார். முகம் முழுக்க நுரை. பேச்சுவாக்கில், "நானும் ஒரு காலத்துல ஃபுட்பால்ல இருந்தவன்தான்லா. லைன்ஸ்மேனு" என்று சொல்லிவிட்டார். கடையில் காற்றாடி கூட நின்றுபோனது போல இருந்தது. அண்ணன் அவரைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. கத்தியை மடித்து வைத்துவிட்டு, பவுடர் டப்பாவை எடுத்து முன்னால் வைத்தார். இரண்டாவது தடவை விளக்கி முடிப்பதற்குள் அந்த மனிதர் பாதி நுரையும் கழுத்துத் துணியுமாக ஓடிப்போய் டாக்சி ஏறிவிட்டார். அன்று கொடி தூக்கியவர் அவர்தானா என்று யாருக்கும் தெரியாது. கொடி பிடித்தவர் என்பதே அண்ணனுக்குப் போதுமானதாக இருந்தது.

தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வந்த ஒய்பி, அதாவது சட்டமன்ற உறுப்பினர், ஒருவரிடமும் அண்ணன் மனுக் கொடுத்தார். ஒய்பி அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, "கட்டாயம் மேலிடத்துல பேசுறேன்ணே" என்றார். கடை முன்னால் உள்ள சாலைக் குழிக்கும் அவர் அதே பதிலைத்தான் சொல்லியிருந்தார். குழி இன்னும் இருக்கிறது. வீடியோவைப் பார்த்துத் தீர்ப்பை மாற்றும் முறை வந்ததும் அண்ணன் கடையை மூடிவிட்டுத் தெருவுக்கே தே தாரிக் வாங்கிக் கொடுத்தார். "இப்பவாச்சும் புத்தி வந்துச்சே" என்றார், உலகக் கால்பந்துக்காரர்கள் எல்லோரும் அவர் கடையில் வந்து ஆலோசனை கேட்டுப் போனது மாதிரி.

இப்படியே போயிருக்கும். போன வருடம் ஒரு சங்கம் மின்னலுக்குப் பாராட்டு விழா எடுத்தது. சங்கங்களுக்கு என்ன வேலை? வருடத்துக்கு ஒருமுறை யாருக்காவது பொன்னாடை போர்த்த வேண்டும், படம் எடுத்துக்கொள்ள வேண்டும். மின்னலை ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து அழைத்துவரும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். என்னிடம் கார் இருந்தது என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை.

மகள் வீட்டில் இருந்தார் மின்னல். கூரை ஒழுகும் இடத்தில் வாளி வைத்திருந்தார்கள். அலமாரியைத் திறந்து சட்டை தேடினார். உள்ளே பொன்னாடைகளாக அடுக்கி வைத்திருந்தார். சட்டை இரண்டே இரண்டு. வழியெல்லாம் இறால் விலையையும் முட்டி வலியையும் பற்றிப் பேசினாரே தவிர, பந்து என்ற வார்த்தை வாயில் வரவில்லை. ஈப்போ வந்ததும், "மேடைக்குப் போறதுக்கு முன்ன ஒரு சவரம் பண்ணிக்கலாமா தம்பி?" என்று கேட்டார். புந்தோங்கில் வேறு எங்கே கூட்டிப் போவது?

கடை வாசலில் அவரைப் பார்த்ததும் அண்ணன் கையிலிருந்த சீப்பு கீழே விழுந்தது. உட்கார வைத்தார். சோப்பை நுரைத்தார், நுரைத்தார், நுரைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் தைரியம் வந்து கேட்டார்.

"தம்பி, அந்தக் கோலு..."

"எந்தக் கோலுண்ணே?"

"ஃபைனல்லலா. கொடி தூக்கிட்டானே."

"அதுவா?" மின்னல் சிரித்தார். "அது ஆஃப்சைடுதாண்ணே. நல்லாவே தாண்டி நின்னேன். கொடியப் பாத்துட்டுத்தான் சும்மா ஒதச்சேன்."

இத்தனை வருடக் கேலியில் நாங்கள் மறந்துபோனது அப்போதுதான் உறைத்தது. அது கோல் இல்லையென்றால் இந்த மனிதர் முதுகில் அலகு குத்திக்கொண்டு நடந்தது எதற்காக? அவர் காத்துவந்தது அணியின் மானத்தை அல்ல, தன் காவடியை.

அண்ணன் மெதுவாகத் தலையை ஆட்டினார். "ஒனக்கு என்னா தெரியும்? நீ பந்தப் பாத்துக்கிட்டு ஓடுன. நான்தான ஒன்னப் பாத்தேன். எந்திரி."

மின்னலைக் கடை முன்னால் அஞ்சடி நடைபாதையில் நிறுத்தினார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி தடுப்பாளர். நான் கோல்கீப்பர். சுருட்டிக் கட்டிய துண்டு பந்து. அதை மின்னலுக்கு உதைத்துக் கொடுக்க மணியைக் கூப்பிட்டார். மணி பெருமையில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். கன்னத்தில் நுரையும் கழுத்தில் துணியுமாக எங்கள் மாநிலத்தின் மகத்தான முன்னணி ஆட்டக்காரர் நொண்டி நொண்டி ஓடினார். மோட்டார் சைக்கிள்கள் நின்றன. "இன்னொருக்கா ஓடு தம்பி, சீக்கிரம் கெளம்பிட்ட" என்று அண்ணன் திருப்பித் திருப்பி ஓடவிட்டார்.

மூச்சு வாங்கிக்கொண்டு மின்னல் என் பக்கம் வந்தபோது அவர் காதில் காவடி விஷயத்தைச் சொன்னேன். அவர் அண்ணன் பக்கம் திரும்பினார். பிறகு சத்தமாகச் சொன்னார்: "சரிண்ணே. கோல்தான். நான்தான் மறந்துட்டேன்."

தெருவே கைதட்டியது. அண்ணன் தட்டவில்லை.

"வேணாம் தம்பி. பாவம் பாத்துக் குடுக்குற கோலு எனக்கு வேணாம். சாமி விசயம் இது. நெசத்தச் சொல்லு."

மின்னல் அந்தத் தடுப்பாளர் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஆஃப்சைடுதாண்ணே," என்றார் மெல்ல.

அண்ணன் அவரை உள்ளே கூட்டிப் போய் மீதிச் சவரத்தை முடித்தார். ஒரு கீறல் இல்லை. விழா முடிந்து ஊர் திரும்பும் வழியில் மின்னல் காரை நிறுத்தச் சொல்லிக் கடைக்குள் போய், புதுப் பொன்னாடையை அண்ணன் தோளில் போட்டார். "வீட்டுல வைக்க எடமில்லண்ணே" என்றார்.

அதன் பிறகு கடை பூட்டியே கிடந்தது. எங்களுக்குக் கேலி செய்ய வாய் வரவில்லை. மணிகூடத் தன் கோலைப் பெனால்டி கட்டத்துக்கே திரும்பக் கொண்டுவந்துவிட்டார். ஒரு காலையில் கதவு திறந்திருந்தது. நான் ஓடினேன். அண்ணன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

"கல்லுமலைக்குப் போயி உக்காந்து யோசிச்சேன்லா," என்றார். "அது கோலு இல்லன்னா, முருகன் கோலு குடுக்கல. ஆனா நான் காவடி எடுத்துட்டேன். அப்ப என்னா அர்த்தம்?"

"என்னாண்ணே அர்த்தம்?"

"அவரு நமக்கு ஒரு கோல் தரணும். சொல்லிட்டு வந்துட்டேன்."

இப்போது பவுடர் டப்பாவும் தண்ணீர்க் குப்பியும் அதனதன் வேலையைப் பார்க்கின்றன. அண்ணன் கடையில் கழுத்துக்குக் கட்டும் துணி அந்தப் பொன்னாடைதான். சரிகைக் கரையோடு ஜம்மென்று இருக்கும். புந்தோங்கில் தலையில் முடி இருக்கிற எல்லோருக்கும் பாராட்டு விழா நடக்கிறது. எங்கள் அணி தோற்றுக்கொண்டேதான் இருக்கிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அண்ணன் டிவி முன்னால் கைகட்டி, அவசரமே இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். வர வேண்டியது வரும் என்கிறார்.

அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. போன மாதம் என் காதுக்கு மேல் ஒரு வயல்வரப்பே போட்டுவிட்டார். ஏர்கோன் சலூனுக்குப் போகக் கூடாதா என்று என் மனைவி திட்டுகிறாள். நான் போவதில்லை. ஆட்டம் இருக்கிற நாளாகப் பார்த்துத்தான் முடி வெட்டிக்கொள்ளப் போகிறேன். அந்தக் கோல் வரும்போது அண்ணன் தூக்கிச் சுற்றுவதற்குப் பக்கத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டாமா?