ராவ்சாகிபின் ராஜா பாய்ந்த கட்டம்

தேனி,
1939 மார்ச்.

கனம் பொருந்திய பத்திராதிபர் ஐயா அவர்கள் சமூகத்துக்கு, தேனி ஜவுளிக்கடை அய்யாத்துரை மகள் சுகிர்தம் பணிவுடன் எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் இங்கு எல்லோரும் சுகம். தாங்களும் தங்கள் அச்சுக்கூடத்தாரும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். போன வாரத் தங்கள் பத்திரிகையில் அவை இரண்டும் தாராளமாக நடந்துவிட்டபடியால் எனக்கு மிச்சமில்லை.

நான் தங்கள் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கத்துத் தைல விளம்பரம் வரை ஒரு வரி விடாமல் படிப்பவள். அதில், "மின்சாரம் தடைப்பட்டபடியால், வெற்றியின் வாசலில் நின்ற ராவ்சாகிப் செல்லப்பாண்டி அவர்கள் பெருந்தன்மையுடன் ஆட்டத்தைச் சமன் என்று ஒப்புக்கொண்டார்கள். எதிர்த்து ஆடிய சிறுமியும் ஓரளவு நன்றாகவே ஆடினாள்" என்று போட்டிருக்கிறீர்கள். ஐயா, நான் சதுரங்க மேஜைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ராவ்சாகிப் அவர்கள் வாசலில் நின்றது வாஸ்தவம். அது வெளியே போகிற வாசல்.

அந்தச் சிறுமிக்குப் பெயர் உண்டு. அவள் பெயர் இருளம்மாள். பண்ணைப்புரத்திலிருந்து தேனிச் சந்தைக்குக் காய்கறி வண்டி ஓட்டி வரும் சுருளியாண்டியின் மகள். எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. சரக்கு எடைக்குப் போகும்வரை வண்டிக்காரர்கள் வண்டி நிழலில் தரையில் கட்டம் போட்டு, பாக்கையும் புளியங்கொட்டையையும் காய்களாக வைத்துச் சதுரங்கம் ஆடுவார்கள். அதைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டு இப்போது அவர்கள் எல்லோரையும் தோற்கடிக்கிறாள். "ஏலே, அந்தப் புள்ள வருது, கட்டத்த அழிங்கடா!" என்று பெரிய மீசைக்காரர்கள் காலால் தேய்ப்பதை நானே கண்டிருக்கிறேன். இந்தக் கோடையோடு அவள் படிப்பை நிறுத்தி மிளகாய்க் கிட்டங்கியில் காம்பு கிள்ளும் வேலைக்கு அனுப்புவதாக வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான், நண்பர் சங்கத்தில் மின்சார விளக்கு போட்ட சந்தோஷத்தில், சங்கத் தலைவராகிய ராவ்சாகிபைச் சதுரங்கத்தில் வெல்லும் பள்ளிப் பிள்ளை எவராயினும் பள்ளி இறுதி வகுப்பு வரை படிக்க வைப்பது சங்கத்தின் பொறுப்பு என்று தங்கள் பத்திரிகையிலேயே விளம்பரம் வந்தது. "எவராயினும்" என்று போட்டவர்கள் இருளம்மாளை நினைத்துப் போடவில்லை என்பது அவள் உள்ளே வந்தபோது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது.

அவளுக்கு முன்னால் ஹைஸ்கூல் அண்ணன்மார் சிலர் ஆடினார்கள். ஒரு அண்ணன் தன் மந்திரியைத் தானே கொண்டுபோய் ராவ்சாகிபின் சிப்பாய்க்கு எதிரே வைத்துவிட்டு, "ஐயா கண்ணுல இது எப்படித்தான் பட்டுச்சோ!" என்று வியந்தார். அவருடைய அப்பா கடை வைத்திருப்பது ராவ்சாகிபின் கட்டிடத்தில். இன்னொரு அண்ணன் இன்னும் வேகமாகத் தோற்றார். அவருடைய அப்பா ராவ்சாகிபின் ஏலத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. இப்படியே ஜெயித்து ஜெயித்து ராவ்சாகிபுக்கு வியர்த்தே போய்விட்டது, எங்கள் அப்பாதான் விசிறினார்கள். அப்பா சங்கத்துக் காரியதரிசி.

இருளம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தால் பலகை தெரியவில்லை என்று மண்டியிட்டுக்கொண்டாள். ராவ்சாகிப் அவளைப் பார்த்து, "ஆத்தா, இது பல்லாங்குழி இல்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்காமல், "நாட்டு ஆட்டமாய்யா, இங்கிலீசு ஆட்டமாய்யா?" என்று கேட்டாள். இதைத் தாங்கள் கவனிக்கவேண்டும். நம் வண்டிக்காரர்கள் ஆடும் நாட்டு ஆட்டத்தில் ராஜா ஒரே ஒரு தடவை குதிரை மாதிரி பாய்ந்துகொள்ளலாம். இங்கிலீஷ் ஆட்டத்தில் அது கிடையாது. அதற்குப் பதில் ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றிக் கோட்டை கட்டிக்கொள்ளலாம். ராவ்சாகிப், "நான் துரைமாரோட ஆடுனவன், எனக்கு இங்கிலீஷ் ஆட்டந்தான்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லி, சில நகர்த்தல்களிலேயே கோட்டையும் கட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதக் கை பரபரக்கிறது. இருளம்மாள் முதலில் ஓரத்துச் சிப்பாயை நகர்த்தினாள், மறுபடியும் அதையே நகர்த்தினாள், "பாவம், பொழுது போகல போல" என்று ஒரு பெரியவர் சொன்னார், பிறகு குதிரையைக் கொண்டுபோய் ராவ்சாகிபின் கோட்டை வாசலில் இருந்த சிப்பாயை வெட்டினாள், ராவ்சாகிப் குதிரையை வெட்டினார், அவள் யானையைக் கொடுத்தாள், அவர் யானையையும் வெட்டினார், ஜன்னலுக்கு வெளியே நின்ற வண்டிக்காரர்கள் பதறிப்போய் "ஏலே சுருளி, ஒம் மக எல்லாத்தையும் தொலைக்கிறாடா" என்று கத்த, அவள் யாரையும் பார்க்காமல் மந்திரியையே எடுத்து ராஜாவின் பக்கத்தில் வைத்தாள். மந்திரிதான் பலகையிலேயே பெரிய காய். சுருளியாண்டி தலையில் கை வைத்துக்கொண்டு, "விட்டா வண்டி மாட்டையும் குடுத்துட்டு வந்துருவா!" என்றார். ராவ்சாகிப் மந்திரியை வெட்டிவிட்டுக் காப்பி கொண்டுவரச் சொன்னார். காப்பி வருவதற்குள் இருளம்மாள் தன் ஒட்டகக் காயை ஒரு மூலையிலிருந்து குறுக்காக இழுத்து வைத்துவிட்டு, "ஐயா, ராஜா" என்றாள். ராஜாவுக்கு வெட்டு வந்துவிட்டது என்று அர்த்தம்.

ராவ்சாகிப் பார்த்தார். ராஜா முன்னே போக முடியாது, பின்னே போக முடியாது, வெட்டவும் முடியாது, மறைக்கவும் முடியாது. அவரே கட்டிய கோட்டையின் சுவர்தான் நான்கு பக்கமும். காப்பி வந்து ஆறியும் போனது. அப்புறம் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ராஜாவைத் தூக்கிக் குதிரை மாதிரி ஒரு பாய்ச்சல் பாய்ந்து வெளியே வைத்தார். "நம்ம நாட்டு வழக்கத்த நாம விட்றக் கூடாதுல்ல" என்றார். சங்கத்தார் எல்லோருக்கும் அந்த நிமிஷமே தேசபக்தி வந்துவிட்டது. "ஆமா ஆமா, நாட்டு ஆட்டந்தான நமக்கு" என்றார்கள். எனக்கு அழுகை வந்தது. அவளை மிளகாய் நெடியில் உட்கார வைத்துவிட்டார்களே என்று நினைத்தேன்.

இருளம்மாள் மட்டும், "பாய்ஞ்சிட்டீகளா ஐயா?" என்று கேட்டாள். "பாய்ஞ்சாச்சு." "மாத்த மாட்டீகள்ல?" "மாட்டேன்." அவள் அந்த ஓரத்துச் சிப்பாயை, பொழுது போகாமல் நகர்த்தியதாகச் சொன்னார்களே, அதே சிப்பாயை, ஒரு கட்டம் முன்னே தள்ளினாள். "ராஜா" என்றாள். மறுபடியும் போக்கிடம் இல்லை. "அங்கனதான் பாய்வீகன்னு தெரியும். அதான் மொதல்லயே இவன வரச் சொன்னேன்."

ஐயா, ஒருவரை ஒரு ஆட்டத்தில் தோற்கடிப்பது பெரிய காரியம். அவர் ஏமாற்றப்போகும் கட்டத்தையும் முன்கூட்டியே கணக்கில் சேர்த்துத் தோற்கடிப்பதற்குத் தங்கள் பத்திரிகை "ஓரளவு" என்கிறது. ராவ்சாகிபுக்கு வரும் மாலைகளைத் தாங்கள் வர்ணிக்கும்போது இந்த அளவுகோலை நான் கண்டதில்லை.

மின்சாரம் தடைப்படவில்லை. ராவ்சாகிப் மேலே பார்த்து, "அய்யாத்துரை, இந்த வெளிச்சம் கண்ணக் கூசுது" என்றார். காரியதரிசி எழுந்துபோய் விசையைத் தட்டினார்கள். இருட்டில் காய்கள் உருண்ட சத்தம் கேட்டது. மறுபடியும் வெளிச்சம் வந்தபோது பலகை துடைத்து வைத்ததுபோல் இருந்தது. ராவ்சாகிப் மட்டும் ஆறிய காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தார். அடுத்த தெருவில் விளக்கெல்லாம் எரிந்துகொண்டேதான் இருந்தது. விசையைத் தட்டியது என் அப்பா என்று எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் கூட்டவோ குறைக்கவோ மாட்டேன் என்று மேலே எழுதிவிட்டேன்.

ஆகையால் அடுத்த இதழில் இதை முழுவதும் போட்டு, இருளம்மாள் ஜெயித்தாள் என்று திருத்தி, அவள் படிப்புக்கு வழி செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் அச்சுக்கூடத்தில் மை உலராமலும் எழுத்து தேயாமலும் இருக்க வேண்டிக்கொள்ளும்,
அ. சுகிர்தம், எட்டாம் வகுப்பு.

பி.கு.: தயவுசெய்து மேலே உள்ள எதையும் அச்சிட வேண்டாம். தபாலில் போடுமுன், ஆட்டத்தை எழுதியதில் பிழை உண்டா என்று பார்க்க இருளம்மாளிடம் இதைக் காட்டினேன். விரல் வைத்து முழுவதும் வாசித்தாள். "இன்னைக்கு ஒரு நாள் எங்கிட்ட இருக்கட்டும்க்கா" என்று வாங்கிக்கொண்டு, தன் அப்பாவோடு நேரே ராவ்சாகிப் பங்களாவுக்குப் போயிருக்கிறாள். அவர் கண்ணாடி போட்டுப் படித்திருக்கிறார். "என்ன வேணும்?" என்று கேட்டிருக்கிறார். "பேப்பர்ல வந்தது வந்தபடியே இருக்கட்டும்யா. சமன்னே வச்சுக்கிருவோம். பேரு ஒங்களுக்கு, படிப்பு எனக்கு" என்றாளாம். மறுநாளே, நன்றாக ஆடிய சிறுமிக்குச் சங்கம் பெருந்தன்மையுடன் படிப்புச் செலவு ஏற்கிறது என்று எங்கள் அப்பா எழுதும்படி ஆயிற்று. அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. "ஏம்மா, பெத்த அப்பனையும் சேத்தா எழுதுவ?" என்று மட்டும் கேட்டார்கள். பிறகு சாப்பிட்டார்கள்.

"ஜெயிச்ச ஆட்டத்த விட்டுக் குடுத்துட்டியேடி!" என்று நான் இருளம்மாளிடம் சண்டை போட்டேன். "மந்திரியக் குடுத்தப்பவும் எல்லாரும் இப்படித்தான்க்கா கத்துனாக" என்றாள்.

ஆகையால் இந்தக் கடிதத்தைத் தங்கள் மேஜை இழுப்பறையில், கரையான் அரிக்காத இடமாகப் பார்த்து, அவள் பள்ளி இறுதி வகுப்பு தேறும்வரை வைத்திருக்கும்படி அவள் சொல்லச் சொன்னாள். அவள் பள்ளிக்கூடச் சம்பளத்தைச் சங்கம் கட்டாமல் போகும் மாதம் எடுத்து அச்சுக் கோக்கலாம். கடிதம் தங்களிடம் இருப்பது ராவ்சாகிபுக்கும் தெரியும், அதையும் அவளே சொல்லிவிட்டாள். அதுவரை ஆட்டம் சமன், ராவ்சாகிப் பெருந்தன்மையானவர், நான் எதையும் பார்க்கவில்லை. ஆனால் மின்சாரம் தடைப்பட்டது என்பதை மட்டும் என்னால் விட முடியவில்லை. அந்த ஒரு வரிக்கு மட்டும் அடுத்த இதழில் திருத்தமாக, யார் பெயரும் போடாமல், ஆட்டம் முடிந்த பிறகு விளக்குகளை அணைத்துவிட்டார்கள் என்று போடவும்.