சாவி, குடை, ரயில்

அறையில் இருந்தவர்கள்: நரம்பு டாக்டர். ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர். பல நாளாகச் சரியாகத் தூங்காத அவர் மனைவி. மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் மூளை. அதில் ஒரு துண்டைக் காணோம். வாசலில், இவர்கள் எப்போது கிளம்புவார்கள் என்று சாவிக்கொத்தோடு நின்ற டோக்கன் அக்கா.

"ஐயா, நான் மூணு வார்த்தை சொல்லுவேன். நீங்க ஞாபகம் வச்சு..."

"சாவி, குடை, ரயில்," என்றார் கணவர்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "பார்த்தீங்களாம்மா! நான் சொல்றதுக்கு முன்னாடியே சொல்லிட்டார். இவருக்குப் போய் மறதின்னு கூட்டிட்டு வந்திருக்கீங்க! ரெண்டு வருஷம் முன்னாடி ஆபீஸ்லேர்ந்து டெஸ்ட்டுக்கு அனுப்பினப்பவும் இதே முழு மார்க். நான்தானே பாஸ் போட்டேன்?"

மனைவி பிளாஸ்டிக் மூளையைப் பார்த்தாள்.

"டாக்டர், போன வாரம் கேஸைத் திறந்துவிட்டு, அடுப்பைப் பத்தவைக்காம, டீ கொதிக்கட்டும்னு பக்கத்துலயே உக்காந்திருந்தார். நான் கடைக்குப் போயிருந்தேன். பகல்ல பார்த்துக்கிற காப்பகத்துல சேர்க்கலாம்னா, நீங்க எழுதிக் கொடுத்தாத்தான் எடுப்பாங்களாம்."

"வயசானா வர்றதுதாம்மா. நானே கண்ணாடியை நெத்தியில ஏத்திட்டு வீடு பூரா தேடுறேன்."

"நீங்க கண்ணாடியைத் தேடுறீங்க. இவர் வீட்டுக்குள்ள உக்காந்துட்டு வீட்டைத் தேடுறார். என் பேரைக் கேளுங்க டாக்டர்."

"ஐயா, இவங்க பேர் என்ன?"

கணவர் அவளைப் பார்த்தார். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரைப் பார்க்கிற மரியாதையான பார்வை. பிறகு சிரித்தார். "பேர் சொல்லிக் கூப்பிட்டா அப்புறம் சாப்பாடு யார் போடுவா டாக்டர்?"

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். தாளில் ஒரு டிக் விழுந்தது.

"தேதியைக் கேளுங்க," என்றாள்.

"இன்னைக்கு என்ன தேதி ஐயா?"

"ரிடையர் ஆனவனுக்குத் தேதி எதுக்கு? நீங்களே சொல்லுங்க."

டாக்டர் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துச் சொன்னார்.

"அது போன மாசம் டாக்டர். யாரும் கிழிக்கலை."

"ரொம்ப டென்ஷன் ஆகுறீங்கம்மா."

"வேற மூணு வார்த்தை கேளுங்க. அந்த மூணு வேண்டாம்."

"அப்படியெல்லாம் மாத்தக்கூடாது. காலேஜ்ல இதைத்தான் சொல்லிக் கொடுத்தாங்க."

"இந்த வியாதியைப் பத்தி வேற என்ன சொல்லிக் கொடுத்தாங்க?"

"ஒரே ஒரு கிளாஸ்தாம்மா. அதுவும் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம்." சொன்ன பிறகு அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "சரி, உங்களுக்காக. மேசை. நாய். அப்புறம்..." அறையைச் சுற்றிப் பார்த்தார். "விளக்கு."

அதற்குள் அவர் கைபேசி அடித்தது. வரும்போது பால் வாங்கி வரவேண்டுமாம். சரி சரி என்று வைத்துவிட்டுத் திரும்பினார். "ம், சொல்லுங்க ஐயா. என்னென்ன வார்த்தை?"

"சாவி, குடை, ரயில்."

"கரெக்ட்!" இன்னொரு டிக்.

"எங்க கரெக்ட்? நீங்க வேற சொன்னீங்களே!"

"நானா? என்ன சொன்னேன்?"

"மேசை, நாய்..." மூன்றாவது வரவில்லை. தூக்கமில்லாத தலைக்குள் துழாவினாள். சாவி வந்தது. குடை வந்தது. ரயிலும் வந்தது.

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். அன்று முதல் தடவையாக அவர் குரலில் அக்கறை தெரிந்தது. "உங்களுக்கு எத்தனை நாளாம்மா இப்படி இருக்கு?"

"பாவம் டாக்டர்," என்றார் கணவர். "யார் வீட்டு அம்மாவோ, ரொம்ப நல்லவங்க. கொஞ்சம் நல்லா பாருங்க."

"எப்பப் பார்த்தாலும் தமாஷ்தான் உங்களுக்கு!" டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சீட்டு எழுதினார். அவளுக்கு இரவில் ஒரு தூக்க மாத்திரை. அவருக்கு ஒன்றும் இல்லை. "ஐயா, அம்மாவைத் தனியா விடாதீங்க. நீங்கதான் கூட இருந்து பார்த்துக்கணும்."

"கண்டிப்பா," என்றார் கணவர்.

வெளியே வராந்தாவில் காத்திருப்பவர்களுக்கான மர பெஞ்சு காலியாகக் கிடந்தது. அதைப் பார்த்ததும் அவர் அவள் கையை உதறிவிட்டுப் போய் உட்கார்ந்தார். கையைக் கட்டிக்கொண்டார்.

"சாவி, குடை, ரயில்."

ஒப்பித்துவிட்டு, சரியா என்பதுபோல் அவள் முகத்தையே பார்த்தார். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எழுந்திரிங்க சார், பூட்டணும்." டோக்கன் அக்கா அவரைக் கைத்தாங்கலாக வாசல்வரை கொண்டுவந்து விட்டாள். "டாக்டர் என்னம்மா சொன்னார்?"

"இவருக்கு ஒண்ணும் இல்லையாம். எல்லாம் ஞாபகம் இருக்காம்."

டோக்கன் அக்காவுக்கு நிஜமாகவே சந்தோஷம். "பின்னே இருக்காதா? அன்னைக்கு ஆபீஸ் டெஸ்ட்டுக்கு வந்தப்போ, வேலை போயிடக் கூடாதுன்னு, உள்ளே போயிட்டு வந்தவங்ககிட்ட எல்லாம் கேட்டு, அந்த மூணு வார்த்தையையும் இதே பெஞ்சுல உக்காந்து அவர் தலையில ஏத்தினது நீங்கதானேம்மா!"

சொல்லிவிட்டு, அவர்களுக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினாள்.