நெம்புகோலார் கட்டிய பாடி

நாமக்கல் மாவட்டத்தில் நேராக நடந்த மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார், மற்ற எல்லோரும் கோணல். இதை நான் சொல்லவில்லை. அந்த ஒருவரே டீக்கடையில் ஊர் கேட்கச் சொன்னார். அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியும், ஆனால் அதைச் சொன்னால் இங்கே ஒருத்தருக்கும் அடையாளம் தெரியாது. திருச்செங்கோடு போகிற ரோட்டில், லாரிப் பட்டறைகள் வரிசையாக இருக்கும் இடத்தில் அவருக்குப் பெயர் நெம்புகோலார்.

நான் அப்போது அங்கே ஒரு பாடிப் பட்டறையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். லாரி வாங்கினால் கம்பெனி எஞ்சினும் சட்டமும் சக்கரமும்தான் கொடுக்கும். அதன் மேல் மரமும் தகடும் வைத்துப் பெட்டி கட்டித் தருவது எங்கள் ஊர்த் தொழில். அதற்குப் பாடி கட்டுவது என்று பெயர், கொஞ்சம் படித்தவர்கள் பாடி பில்டிங் என்பார்கள். எங்கள் பக்கம் பாடி என்றால் ஒன்று பட்டறையில் கட்டுவது, இல்லாவிட்டால் ஆம்புலன்ஸில் வருவது. மூன்றாவதாக ஓர் அர்த்தம் இருக்கலாம் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதே இல்லை.

நெம்புகோலாருக்குச் சொந்த ஊர் கெங்கவல்லி. எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவர். பையன்களை ஓடவிடாமல் உட்கார வைத்து, ஓடும்போது எந்தத் தசை எந்த எலும்பை இழுக்கிறது என்று மணிக்கணக்காகப் பாடம் நடத்தியதால் அனுப்பிவிட்டார்கள். எங்கள் ஊர் வழக்கம் தெரியாமல் பக்கத்து ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, உடற்பயிற்சிக் கூடம் ஒன்றைத் திறந்து, ‘நவீன முறையில் பாடி பில்டிங் செய்து தரப்படும்’ என்று போர்டு மாட்டினார்.

முதல் ஆளாக வந்தவர் ராசிபுரத்து லாரி ஓனர். புது வண்டியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு உள்ளே போனார்.

"பத்து வீல் வண்டிங்க. பாடி கட்டோணும். எத்தன நாளாகுமுங்க?"

நெம்புகோலார் அவரை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தார். "ஆறு மாசம் ஆகும்."

"ஆறு மாசமா! பக்கத்துல மூணு வாரத்துல முடிச்சுக் குடுக்கறாங்களே!"

"அவசரப்பட்டுக் கட்டுனா முதுகு போயிடும். முன்னாடி லோடு ஓவரா இருக்குது. மொதல்ல அதைக் கொறைக்கணும்."

"வண்டியவே பாக்காம எப்புடீங்க சொல்றீங்க?"

"நடந்து வந்தப்பவே பாத்துட்டேனே. எடது பக்கம் சாயுது."

ஓனர் கவலையோடு திரும்பித் தன் வண்டியைப் பார்த்தார். "ஸ்பிரிங் பட்டை ஒடைஞ்சிருக்குமுங்களா?"

"பட்டை இல்லைங்க, இடுப்பு" என்று நெம்புகோலார் ஓனரின் இடுப்பில் விரலை வைத்துக் காட்டினார்.

ஓனர் கத்திய கத்தலில் எங்கள் வெல்டர்கள் வேலையை நிறுத்திவிட்டு ஓடி வந்தார்கள். அந்த வண்டிக்குப் பாடி எங்களிடம்தான் கட்டினார். இப்படி வழி தவறி வந்தவர்கள் எல்லாம் கடைசியில் எங்களிடமே வந்ததால், போர்டைத் திருத்தி எழுதும்படி எங்கள் முதலாளி அவரிடம் சொல்லவே இல்லை. பக்கத்தில் ஒருத்தன் பிழைப்பு கெட்டாலும் நமக்கு வியாபாரம் ஆனால் சரி என்கிற நல்ல மனசு அவருக்கு.

ஷெட்டுக்கு ஆள் வராததால் நெம்புகோலார் எங்கள் பட்டறைக்கு வர ஆரம்பித்தார். யார் எதைத் தூக்கினாலும் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்வார். உடம்பில் இருப்பதெல்லாம் நெம்புகோல்தான், எலும்புதான் கம்பி, மூட்டுதான் கம்பிக்கு அடியில் கொடுக்கிற அண்டக்கல், தசைதான் இழுக்கிற ஆள் என்பார். இதனால்தான் அந்தப் பெயர் வந்தது. நெம்புகோலில் மூன்று வகை உண்டாம். தலையாட்டுவது முதல் வகை. கழுத்தெலும்பு நடுவில் தாங்க, முன்னால் தலையின் கனம், பின்னால் இழுக்கிற தசை.

"உங்க முதலாளி பேசறப்ப பூராப் பேரும் செய்யறீங்களே, அதுதான். இந்தப் பட்டறைல அந்த ஒரு தசை மட்டும் எல்லாருக்கும் நல்லா வளந்திருக்குது" என்று அவர் சொன்னபோது முதலாளி பின்னால் நின்றுகொண்டிருந்தார். சிரிக்க வேண்டும் போலிருந்தும் நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.

அவர் சொன்னதெல்லாம் சரி என்றும் சொல்ல மாட்டேன். முட்டிவலிக்குப் பின்பக்கமாக நடப்பதைவிட மருந்து இல்லை என்று எங்கள் ஃபோர்மேனை நம்ப வைத்தார். ஃபோர்மேன் பின்பக்கமாகவே நடந்து போய் பெயிண்ட் டின்களின் மேல் விழுந்து, ஒரு வாரம் பச்சையாகத் திரிந்தார். "கண்ணைத் தொறந்துக்கிட்டு நடங்கன்னு சொல்லணுமா?" என்று நெம்புகோலார் அவரையே கோபித்துக்கொண்டார்.

அவருடைய சம்சாரம் எங்கே என்று ஒருநாள் கேட்டேன்.

"தசைக்கு இழுக்க மட்டும்தாங்க தெரியும், தள்ளத் தெரியாது. கை மடங்கணும்னா முன்பக்கத் தசை இழுக்கும். நீளணும்னா பின்பக்கத் தசை இழுக்கும். ஒண்ணு இழுக்கறப்ப இன்னொண்ணு தளர்ந்து குடுக்கணும்."

"நான் உங்க ஊட்டம்மாவக் கேட்டனுங்க."

"அதைத்தான் சொல்றேன். நாங்க ரெண்டு பேரும் இழுத்தோம்."

இந்தச் சிரிப்பெல்லாம் என் மனைவி சம்பூர்ணம் விழுகிற வரைக்கும்தான். ஒருநாள் காலையில் மாவு கரைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். பக்கவாதம். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஓர் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தோம். உயிர் பிழைத்தாள், வாய் குழறியது, கால் இழுத்து இழுத்து நடந்தாள். வலது கை மட்டும் மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. செய்ய வேண்டிய பயிற்சிகளைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்துத்தான் அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் அதைச் செய்ய விட்டால்தானே!

சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து உச்சுக் கொட்டிவிட்டுப் போனார்கள். சம்பூர்ணத்தின் அண்ணன் எடப்பாடியில் தறிப்பட்டறை வைத்திருக்கிறார். அவர் ஒரு தைல பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தார்.

"அம்மிணி, கைய மட்டும் அசைச்சுப்போடாத. நரம்பு சுருண்டுக்கும். தைலத்தத் தேச்சுக்கிட்டு சும்மா படுத்திரு. உனக்கென்ன, சோறூட்ட மாப்ள இருக்கறாரு."

அவருக்குத் தன் தங்கையைப் பற்றி ஒன்றும் தெரியாது. சம்பூர்ணம் ஊட்டிச் சாப்பிட மாட்டாள். "நான் என்ன கொழந்தையா?" என்று வாயை மூடிக்கொள்வாள். இடது கையில் ஸ்பூனைக் கொடுத்தால், "பீச்சாங்கைல சோறு திங்கறதுக்குச் சாவலாம்" என்று தட்டைத் தள்ளிவிடுவாள். நான் கெஞ்சினால் இரண்டு மடக்குக் கஞ்சி. கண்ணெதிரே உருகிக்கொண்டிருந்தாள். அந்த வலது கை வாய்க்கு வராவிட்டால் அவள் பிழைக்க மாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் நெம்புகோலார் விசாரிக்க வந்தார். வந்தவர்கள் எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள், அவர் முழங்கையைப் பார்த்தார். பிளாஸ்டிக் சேரை வாசற்படியிலேயே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அன்று வந்திருந்த மைத்துனர் அவரிடமும் நரம்பு சுருண்டுகொள்ளும் என்றார்.

"சுருள்றதுக்கு நரம்பென்ன பாயா?" என்றார் நெம்புகோலார். "நரம்பு சேதி சொல்ற ஒயருங்க. அங்க சேதி சரியாப் போகலை, அதனால முன்பக்கத் தசை புடிச்ச புடியை விடமாட்டேங்குது. சும்மா கெடந்தா மூட்டு இறுகித்தான் போகும்."

மறுநாளிலிருந்து தினமும் வந்தார். அவளைத் தொட மாட்டார், வாசலைத் தாண்டியும் வர மாட்டார். நான் அவள் கையில் ஒரு டம்ளரைக் கொடுத்து, கையைப் பிடித்து மெதுவாக நீட்டி மடக்க, அவர் சேரிலிருந்து சத்தம் போடுவார். "டம்ளரைப் பாக்காதீங்கம்மா, முழங்கையைப் பாருங்க! தோளைத் தூக்கித் திருட்டுத்தனம் பண்ணாதீங்க!" தெருப் பெண்கள் மதில்மேல் எக்கி எக்கிப் பார்த்தார்கள். குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் நிற்பது இரண்டாம் வகை என்று அவர்களுக்கும் பாடம் நடந்தது. அதன் பிறகு ஒருத்தரும் எக்கவில்லை.

கையை மடக்குவது மூன்றாம் வகை. "தசை போய் ஒட்டறது முழங்கைக்குக் கிட்டத்துல. டம்ளர் இருக்கறது அந்தக் கடைசில. ஒரு டம்ளரைத் தூக்க அந்தத் தசை பல டம்ளர் கனத்தை இழுக்கணும். நஷ்டம்தான். ஆனா அது துளி சுருங்குனாப் போதும், கை வாய் வரைக்கும் வந்துடும். அதுக்காகப் பட்ட நஷ்டம்ங்க இது."

நஷ்டத்தில் ஓடும் எத்தனையோ கம்பெனிகளுக்கு நான் கணக்கு எழுதியிருக்கிறேன். மனுஷன் கையும் அதில் ஒன்று என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

சம்பூர்ணத்துக்கு முதலில் திரும்பியது பேச்சு, அதுவும் அவரைத் திட்டுவதற்காக. "வந்துட்டானா அந்தக் கெரகம் புடிச்சவன்?" என்று தெளிவாகக் கேட்டாள். குழறாமல் வந்த முதல் வாக்கியம் அது. நெம்புகோலார் வாசலிலிருந்தே, "வந்துட்டேம்மா, கையை நீட்டுங்க" என்றார். கை கொஞ்சம் இளகியது, ஆனால் டம்ளர் பாதி வழியிலேயே நின்றது. அதற்குமேல் வரவில்லை.

அப்படி இருக்கையில் மைத்துனர் மகளின் கல்யாணம் வந்தது. எடப்பாடியில் மண்டபம். நெம்புகோலாரையும் கூட்டிப் போனேன். பந்தியில் சம்பூர்ணத்தின் பக்கத்தில் அவள் அண்ணி ஸ்பூனோடு உட்கார்ந்து, "வாயத் தொற அம்மிணி, நான் ஊட்டறேன்" என்றாள். சொந்தபந்தம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. சம்பூர்ணம் தலையைக் குனிந்துகொண்டாள். எதிர் வரிசையில் இருந்து ஒரு குரல் மண்டபமே அதிரக் கேட்டது.

"ஸ்பூனை அந்தப் பக்கம் எடுங்க! அம்மா, முழங்கை! தோளைத் தூக்காதீங்க! முழங்கை!"

பந்தி முழுக்கச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. சம்பூர்ணத்தின் முகம் சிவந்தது. இலையில் இருந்த லட்டை எடுத்தாள், அவர் மீது வீசினாள். அது அவர் மூக்குக் கண்ணாடியில் பட்டு ரசத்தில் விழுந்தது. எடுத்ததும் வலது கை, வீசியதும் வலது கை.

"நீண்டுடுச்சு! முழங்கை நீண்டுடுச்சு!" என்று அந்த மனிதர் முகமெல்லாம் லட்டுத் தூளோடு கத்தினார்.

அவள் தன் கையைப் பார்த்தாள். பிறகு சோற்றைப் பிசைந்து, நடுங்க நடுங்கத் தூக்கினாள். பாதி மடியில் கொட்டியது, மீதி வாய்க்குப் போனது. நான் இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது.

"பாத்தீங்களா மாப்ள, தைலம் எப்புடிக் கேக்குதுன்னு!" என்றார் மைத்துனர்.

"தைலமா!" என்று நெம்புகோலார் இலையில் பாதிச் சோறு இருக்க எழுந்துவிட்டார். பந்தியில் பாதியில் எழுவது எவ்வளவு பெரிய அவமரியாதை என்று சொல்ல வேண்டியதில்லை. நாலு பேர் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோனார்கள். "புடிக்கற லட்சணமாய்யா இது, கட்டைவிரல் எங்கே?" என்று அவர்களையும் திருத்திக்கொண்டேதான் போனார்.

அதற்குப் பிறகு அந்தத் தைலத்துக்கு வந்த மவுசு இருக்கிறதே! மைத்துனர் பாட்டில் பாட்டிலாக வரவழைத்துக் கொடுத்தார். என் மனைவியைச் சாட்சிக்கு வேறு காட்டினார். உண்மையை நான் சொன்னால், "அட, அந்தக் கிறுக்கனா?" என்று சிரித்தார்கள். நெம்புகோலாரின் ஷெட்டில் கடைசிவரை ஈ ஆடியது. எங்கள் ஊர்மீது எனக்கு இருக்கும் கசப்பு இன்னும் போகவில்லை, போகவும் வேண்டாம்.

போன ஆவணியில் காய்ச்சல் என்று படுத்த நெம்புகோலார் எழவில்லை. கெங்கவல்லியிலிருந்து அண்ணன் மகன் வந்து சேர்ந்தார். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட்டுப் போக வேண்டும் என்று அவசரம் அவருக்கு. பட்டறை ஆட்கள் ஏழெட்டுப் பேர், நாங்கள் இருவர், அவ்வளவுதான் கூட்டம். வாய்க்கரிசி போட யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்கள். சம்பூர்ணம் காலை இழுத்துக்கொண்டு முன்னால் போனாள்.

"நீங்க அவருக்கு என்ன முறைங்க?" என்று கேட்டார் அண்ணன் மகன்.

அவள் காதில் வாங்காமல் அரிசியை அள்ளினாள். நடுங்குகிறதே என்று முழங்கையைத் தாங்கப் போனேன். "உடுங்க" என்றாள். தானாகவே கொண்டுபோய் அவர் வாயில் போட்டாள். மீசையில் சிந்திய அரிசியை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து தலை முழுகிவிட்டு உட்கார்ந்திருந்தபோது அவள் அண்ணனிடமிருந்து போன். மகளுக்கு வளைகாப்பு, வெள்ளிக்கிழமை வந்துவிட வேண்டும் என்றார்.

"வரமுடியாதுங்ணா. எங்கூட்ல தீட்டு."

"தீட்டா? ஆரு அம்மிணி? எனக்கு ஒண்ணுஞ் சொல்லலியே!"

"எங்கூட்ல ஒருத்தரு போயிட்டாருங்ணா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

எத்தனை நாள் தீட்டு என்று நானும் கேட்கவில்லை. அவர் எங்களுக்கு என்ன முறை என்று தெரிந்தால்தானே நாள் கணக்குச் சொல்ல முடியும்.