சீர்த்தட்டில் வந்த போனும் ஏழு மணிப் பெரட்டும்

பாசமும் மரியாதையும் அதற்கு மேலே கொஞ்சம் கோபமும் வைத்து, சித்தியவானில் இருக்கும் சீனி மச்சான் அவர்களுக்குச் செமோரிலிருந்து உங்கள் தங்கை புருஷன் பத்துமலை எழுதுவது.

இங்கே நானும் நவமணியும் பிள்ளைகள் சாந்தினி, ரூபன் இரண்டு பேரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்களும் அக்காவும் உங்கள் நண்டுக் கூடைகளும் சுகமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கிற காலத்தில் இவன் ஏன் பேனா பிடிக்கிறான், அதுவும் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் என்று நீங்கள் சிரிப்பது இங்கே கேட்கிறது. சிரியுங்கள். எல்லாம் நீங்கள் செய்த வேலைதான்.

சாந்தினி சடங்குக்குத் தாய்மாமன் சீர் கொண்டு வந்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? பட்டு, வளையல், அன்னாசிப்பழம், சாக்லேட்டை அடுக்கிக் கட்டின ஒரு கோபுரம், அந்தக் கோபுரத்து உச்சியில் ரிப்பன் கட்டி ஒரு போன். மண்டபமே கை தட்டியது. மடையன் நானும் தட்டினேன். அன்றையிலிருந்து அந்தப் போனைப் பற்றி இந்த வீட்டில் நான் வாய் திறக்க முடியவில்லை. சோற்றில் மீன் ஆறிப்போய்க் கிடக்கும், இவள் கட்டைவிரல் மட்டும் ஓடும். "பள்ளிக்கூடத்துல என்னம்மா?" என்றால் "ம்." "மழை வருதா?" "ம்." "வீடு எரியுதும்மா!" அதற்கும் "ம்." பிடுங்கி அலமாரியில் வைக்கலாம் என்று போனால் உங்கள் தங்கச்சி குறுக்கே வந்து நிற்கிறாள். "தொட்டுப் பாருங்க! எங்கண்ணன் சபையில தட்டுல வெச்சுக் கொடுத்த சீரு. சீரைப் புடுங்குன வீடு வெளங்குமா?" உங்கள் வீட்டுச் சீராக வந்த உங்கள் தங்கச்சியையே நான் தைரியமாக இரண்டு வார்த்தை கேட்டுவிடுவேன், மச்சான், அந்தப் போனைக் கேட்க முடியவில்லை.

இது போதாது என்று தீபாவளிக்கு ரூபனுக்கும் புதுசு ஒன்று கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறீர்களாம். அவன் ஓட்டைப் போனையே ஓயாமல் தடவுகிறவன். அதைத் தடுக்கத்தான் இந்தக் கடிதம். ரூபனுக்கு ஒன்றும் கொண்டு வராதீர்கள். கொண்டு போக மட்டும் வாருங்கள். கொடுத்த கையால்தான் திருப்பி வாங்க முடியும், சாந்தினி போனை நீங்களே கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுங்கள்.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டார்கள், போனேன். கலாதேவி டீச்சர் என்று ஒருவர் பேசினார். பிள்ளைகளிடமிருந்து பிடுங்காதீர்கள், வீட்டில் பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் ஒரே சட்டம் போடுங்கள், சாப்பிடும்போது போன் கூடாது, படுக்கிற அறையில் சார்ஜ் போடக் கூடாது என்றார். நன்றாகத் தலையாட்டினேன். 'பெரியவர்' என்றபோது மட்டும் என் போனில் ஒருத்தர் ஆற்றில் தாப்பா மீன் பிடித்துக்கொண்டிருந்தார், அதனால் அந்த இடம் சரியாகக் காதில் விழவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். எஸ்டேட்டில் விடியும் முன்னே பெரட்டு எடுப்பார்களே, கங்காணி பேர் கூப்பிட, ஆள் வந்து நிற்க, லேட்டாக வந்தவனுக்கு அன்றைக்கு வேலை கிடையாது, திரும்பிப் போ என்று? அதையே போனுக்கு வைத்தேன். சாயங்காலம் ஏழு மணிக்குப் பெரட்டு. பேர் கூப்பிட்டதும் அவரவர் போனை அணைத்து, உறையை மூடி முறுக்கு டின்னில் போட வேண்டும், ஒன்பதுக்குத் திருப்பி எடுக்கலாம். லேட்டானால் அந்தப் போன் ஒரு வாரம் டின்னுக்குள்ளேயே. நான்தான் கங்காணி என்று மீசையைத் தடவினேன்.

"அப்பா, ஒங்களுக்கும் போன் இருக்குல்ல? ஒங்க பேர யாரு கூப்புடுவா?" என்றாள் சாந்தினி.

"அதானே! அவளே கங்காணியா இருக்கட்டும்லா," என்றாள் உங்கள் தங்கச்சி.

வெள்ளைக்காரன் காலத்துக் கங்காணிகூட இவ்வளவு கறார் இல்லை, மச்சான். போன செவ்வாய்க்கிழமை நான் ஓட்டுகிற பள்ளிப் பஸ்ஸை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளேயே கொஞ்சம் உட்கார்ந்திருந்தேன். அந்தத் தாப்பா மீன் ஆள் அன்றைக்குத் தூண்டிலில் பெரிதாக ஏதோ மாட்டியிருந்தார். வீட்டுக்குள் வந்தால் டின் மூடியாகிவிட்டது.

"பஸ்ஸ ரிவர்ஸ் எடுத்தேம்மா, அதான் லேட்டு."

"எஞ்சின் நின்னு எவ்வளவு நேரமாச்சு, எனக்குக் கேக்கலியா? போடுங்கப்பா."

போட்டேன். மீன் கரைக்கு வந்ததா என்று இன்றுவரை தெரியாது.

நல்லதையும் சொல்ல வேண்டும். பெரட்டு வந்ததிலிருந்து உங்கள் தங்கச்சிக்குப் பக்தி பெருகிவிட்டது. டின் மூடியதும் சாமி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் ஒன்பதுக்குத்தான் வருகிறாள், கண்கூடக் கலங்கியிருக்கிறது. ரூபனுக்குத்தான் வயிறு சரியில்லை. ஏழரை ஆனால் பாத்ரூமுக்குள் போகிறான், வருவதே இல்லை. அங்கே நல்ல கஷாயம் இருந்தால் கொண்டு வாருங்கள். ஹாலில் மீதி இருப்பது நானும் கங்காணியும் கேரம் பலகையும். 'ம்' என்று இருந்தவள் இப்போது வாயை மூடுவதில்லை. "அப்பா, ஒங்க காய் ஒங்க பஸ்ஸு மாதிரி, எல்லா ஸ்டாப்புலயும் நிக்குது!" என்கிறாள். "சிரிக்கிறப்ப ஏம்ப்பா வாயப் பொத்துறீங்க?" என்கிறாள். பல் போனதைச் சொன்னேன். "இங்க யாரு பாக்கப் போறா, சிரிங்கலா," என்கிறாள். பெற்ற தகப்பனை இப்படியா ஓட்டுவது? இவள் போனை நீங்கள் வாங்கிக்கொண்டு போனால்தான் என் மனம் ஆறும்.

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் வலை என்றும் கனத்து வரட்டும், வீட்டு விளக்கு அணையாமல் எரியட்டும்.

இப்படிக்கு,
டின்னுக்கு வெளியே தவிக்கும்
பத்துமலை

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள். இன்று வெள்ளிக்கிழமை, பெரட்டு முடிந்ததும் மூவரும் கோயிலுக்குப் போனார்கள். கால் வலி என்று நான் தங்கிவிட்டேன். கடிதம் முடிந்தது, டின் எதிரே இருந்தது, மீன் நினைவு வந்தது, திறந்துவிட்டேன். நவமணியின் பூப்போட்ட உறைக்குள் அவளுடைய பழைய செத்த போன். ரூபனின் உறைக்குள் பள்ளிக்கூடக் கால்குலேட்டர். சாந்தினியுடையது மட்டும்தான் அசல், நீங்கள் கட்டின ரிப்பன் துண்டுகூட இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. என் போனைக் கையில் எடுத்தேன். அவளுடையது தனியாகக் கிடந்தது. திரும்ப அதன் பக்கத்திலேயே வைத்து மூடிவிட்டேன். இதை நான் வீட்டில் கேட்க முடியாது, டின்னை யார் திறந்தது என்று கங்காணி கேட்பாள். அதனால் என் பிள்ளை போனை நீங்கள் தொட வேண்டாம், கஷாயமும் வேண்டாம். ஒரே ஒரு உதவி. இது கிடைத்த அன்றைக்கு ஏழேகால் மணிக்கு உங்கள் தங்கச்சி நம்பருக்கு ஒரு போன் போடுங்கள். சாமி அறையில் முருகன் எடுக்கிறாரா, நவமணி எடுக்கிறாளா, நானும் சாந்தினியும் ஹாலில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறோம்.