மேல்தட்டில் ஒதுக்கிய சட்டை

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கை புருஷன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் தங்கை நலம், இஸ்திரிப்பெட்டி நலம், நான்தான் நலமில்லை. அங்கே அக்காவும் பிள்ளைகளும் நலமென்றே நம்பி நேரே விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைத்து எழுத மனசில் தெம்பில்லை.

எங்கள் சலவைக் கடையின் நடைமுறை உங்களுக்குத் தெரியும். துவைத்த துணியெல்லாம் நீண்ட மேசையில் குவியும், நானும் அவளும் கைக்கு எட்டியதை எடுத்துத் தேய்ப்போம். அவள் எதையாவது மேல்தட்டில் ஒதுக்கிவிட்டால் மட்டும் அது அவள் துணி, நான் தொடக் கூடாது. கல்யாணமான புதிதில் அந்தத் தட்டில் என் சட்டை ஒன்றுதான் இருக்கும். இப்போது அங்கே எதிரே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவரின் வெள்ளைச் சட்டைகள் இருக்கின்றன. என் சட்டை குவியலில், யார் வீட்டுத் தலையணை உறைக்கோ அடியில் கிடக்கிறது. நீங்களே சொல்லுங்கள், எனக்கு வயிறு எரியுமா எரியாதா?

"அவரோடத மட்டும் எதுக்கு ஒதுக்கி வைக்கிற?" என்று கேட்டேன். "ஒதுக்கணும்னு தோணுச்சு, ஒதுக்கினேன்" என்றாள். அன்றிலிருந்து இந்த ஒரு சொல் என் மண்டையைக் குடைகிறது. பிடித்ததைப் பத்திரமாக எடுத்து வைத்தாலும் ஒதுக்குவதுதான், பிடிக்காததைத் தட்டோரம் தள்ளினாலும் ஒதுக்குவதுதான். காலையில் வீட்டை ஒதுங்க வைக்கிறாள், கண்ணாடி முன் நின்று நெற்றி முடியை ஒதுக்குகிறாள், பல்வலி மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டே என்னைத் திட்டுகிறாள், அந்த மனுஷருக்கென்று நேரம் ஒதுக்குகிறாள், அவர் மழைக்கு ஒதுங்கினால் ஸ்டூல் எடுத்துப் போடுகிறாள். அவர் சட்டையையும் ஒதுக்கினாள், என்னையும் ஒதுக்கினாள். எந்த ஒதுக்கல் யாருக்கு என்று எனக்குப் புரியாமலா இருக்கும்?

அவர் வந்தால் இருவரும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். நான் கிட்டே போனால் "நல்ல வெயில்" என்கிறார்கள். வெளியே மழை கொட்டுகிறது மச்சான். ஒரு நாள் காயப்போட்ட போர்வைகளுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்கப் பார்த்தேன். கொடி அறுந்து ஈரப் போர்வை அத்தனையும் என் மேல் விழுந்து, நான் வெளியே வருவதற்குள் அவர் போய்விட்டார். "உள்ள என்ன பண்றீங்க?" என்றாள். "துணி காஞ்சிடுச்சான்னு பாத்தேன்" என்றேன். "தலையில போட்டுக்கிட்டா பாப்பாங்க?" என்றாள். வீம்புக்கு அன்று நான் சாப்பிடவில்லை. அதையும் அவள் கவனிக்கவில்லை.

முந்தாநாள் அவள் பல் டாக்டரிடம் போயிருந்த நேரம் பார்த்து, மேல்தட்டுச் சட்டையை எடுத்து நானே தேய்த்தேன். காலர், கைப்பட்டி, பொத்தானுக்கு நடுவே என்று அங்குலம் அங்குலமாகத் தேய்த்தேன். இனி ஜென்மத்துக்கும் அவர் அவள் கைத்தேய்ப்பைத் தேடக் கூடாது என்ற வைராக்கியம். நேற்று அவர் வந்தார். சட்டையை விரித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார், அவள் அவரைப் பார்த்தாள், இருவரும் சிரித்தார்கள். என் கடையில், என் மேசைக்கு முன்னால் நின்று சிரித்தார்கள். என்னோடு அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று மச்சான்!

ஆகவே கடிதம் கண்டதும் புறப்பட்டு வரவும். மேல்தட்டில் இருக்க வேண்டியது யார் சட்டை என்று உங்கள் தங்கையை நீங்களே கேட்கவும். அவள் பதில் சரியில்லை என்றால் நான் பெட்டியோடு உங்கள் வீட்டுக்கு வந்துவிடுவேன். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் யாராலும் ஒதுக்கப்படாமல் நீடூழி வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
மனம் நொந்த
உங்கள் தங்கை புருஷன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் தங்கை கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். அவர் விட்டுவிட்டுப் போன சட்டையை என் கைக்குள் திணித்து, கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்க்கச் சொன்னாள். இரண்டு கையிலும் இரட்டை மடிப்பு, முதுகில் பழுப்பாக இஸ்திரிப்பெட்டியின் தடம். கொஞ்ச காலமாகவே இப்படித்தானாம். "உங்களுக்குப் பார்வை சரியில்லன்னு அவர்தான் மொதல்ல கண்டுபிடிச்சாரு. நேரா சொன்னா நீங்க தாங்குவீங்களா? வெள்ளையில தடம் பளிச்சுன்னு தெரியும், அதான் அவர் சட்டைய ஒதுக்கினேன். உங்களை எப்படி அவர் கடைக்குக் கூட்டிட்டுப் போறதுன்னுதான் பேசிக்கிட்டிருந்தோம்" என்றாள். "அப்ப என் சட்டை?" என்றேன். "கருகினா உங்களுதே கருகட்டும்னு விட்டேன்" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உடனே அவளோடு எதிர்க்கடைக்குப் போய்ச் சோதனை செய்து, கையோடு ஒரு கண்ணாடியும் மாட்டிக்கொண்டு வந்தேன். நீங்கள் வர வேண்டியதில்லை என்று எழுதத்தான் மறுபடி பேனாவை எடுத்தேன். ஆனால் மச்சான், கண்ணாடி மாட்டியதும் முதலில் தெரிந்தது அந்த மனுஷர் முகம்தான். ஆள் இவ்வளவு லட்சணமாக இருப்பார் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது. நீங்கள் முதல் பஸ்ஸிலேயே ஏறிவிடுங்கள்.