காபியில் கழுவிய கல்யாணப் படம்

தஞ்சாவூர் வட்டாரத்தில் எங்கள் விடுதி அக்காவின் கேமரா முன்னால் சிரித்த முகத்தோடு போய் நின்று, அதே முகத்தோடு திரும்பியவர்கள் ஒரே ஒருவரைத் தவிர யாரும் கிடையாது. குழந்தைகள் அழுதுகொண்டு வந்தார்கள். பெரியவர்கள் திட்டிக்கொண்டு வந்தார்கள். ஓர் ஆடு பாதியிலேயே தூங்கிவிட்டது.

நாங்கள் தங்கியிருந்த பெண்கள் விடுதியில் அவருக்கு 'இருங்கக்கா' என்று பெயர். ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. லேப் முடிந்தால் கழுத்தில் ஒரு பழைய ஃபிலிம் கேமரா தொங்கும். அதற்கு அவரைவிட இருபது வயது கூடுதல். வெளிச்சத்தின் அளவைக் காட்டும் முள் எப்போதோ செத்துப்போயிருந்தது. அதனால் அக்கா முதலில் வானத்தைப் பார்ப்பார், அப்புறம் தன் நிழலைப் பார்ப்பார், அப்புறம் உதடு அசையக் கணக்குப் போடுவார். "இருங்க... இருங்க... அப்படியே இருங்க." ஒரு படத்துக்குப் பதினோரு நிமிஷம்! செல்போன் இருக்கும்போது ஏன் இந்தப் பாடு என்று கேட்டால், "ஒரு ரோலுக்கு முப்பத்தாறு படம்தான் இருக்குன்னா ஒவ்வொண்ணையும் ஆசையா பார்ப்போம்டி" என்பார்.

மன்னார்குடி பக்கம் நடவு வயலில் நின்ற பெண்களையும் ஒருமுறை இருக்கச் சொன்னார். "நாங்க இருப்போம்மா, நாத்து இருக்குமா? வாடுதுல்ல" என்றார் ஒரு அம்மாள். ஃபிலிமைக் கழுவிப் பார்த்தால் ஒன்பது முதுகுகள் அழகாக விழுந்திருந்தன.

கழுவுவது என்றதும் மூக்கு எரிகிறது. இன்ஸ்டன்ட் காபித்தூள், சலவைச் சோடா, வைட்டமின் மாத்திரைப் பொடி மூன்றையும் கலந்து கறுப்பு வெள்ளை ஃபிலிம் கழுவலாம் என்று எங்கோ படித்துவிட்டார். நிஜமாகவே கழுவுகிறது. ஆனால் அந்த நாற்றம் இருக்கிறதே, ஐயோ! எங்கள் வார்டனம்மா கும்பகோணத்துக்காரர், காபி விஷயத்தில் விளையாட்டே கூடாது. மூக்கைப் பொத்திக்கொண்டு பாத்ரூம் கதவைத் தட்டினார்.

"ஏம்மா, குடிக்கிற காபிய இந்தப் பாடு படுத்துறியே, உனக்கே நல்லா இருக்கா?"

உள்ளேயிருந்து பதில் வந்தது: "இருங்க வார்டனம்மா, இன்னும் நாலு நிமிஷம் குலுக்கணும்."

சமாதானம் செய்ய வார்டனம்மாவைப் பட்டுப்புடவையில் நிறுத்தி ஒரு முழு ரோல் எடுத்தார். காலை டிபன் நேரத்தில் ஆரம்பித்தது, விளக்கு வைக்கும் வரை போயிற்று. கேமராவில் எண் முப்பத்தாறைத் தாண்டி முப்பத்தெட்டு, நாற்பது என்று ஓடியது. "கம்பெனிக்காரன் தாராள மனசுடி!" என்று பூரித்தார் அக்கா. ஃபிலிம், அதை இழுக்கிற பல்சக்கரத்தில் மாட்டவே இல்லை என்பது கழுவிய பிறகுதான் தெரிந்தது. ஒரு பொட்டுகூட விழவில்லை. ஒரு வாரம் எங்கள் மேஜைக்குச் சட்னி வரவில்லை.

இப்படிப்பட்டவரிடம் என் கல்யாணப் படத்தை ஒப்படைத்தேன், என் புத்தியை என்ன சொல்ல!

என் கல்யாணமே இழுபறியில் இருந்தது. அப்பா குத்தாலம் பக்கம் நெல் விவசாயி. நான் கட்டிக்கொள்ள நினைத்த செல்வம் நாகப்பட்டினத்துப் படகுக்கார வீட்டுப் பிள்ளை. "காலையில கடலுக்குப் போனவன் வர்ற வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு நிப்பியா?" என்று கேட்டுவிட்டு அப்பா என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். எனக்காகப் பரிந்து பேச இருங்கக்கா கூட வந்தார். வயல் வரப்பில் அரைமணி நேரம் கெஞ்சிப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் கையைக் கட்டிக்கொண்டு முறைத்தபடி நின்ற அப்பாவைப் பார்த்ததும் அவருக்குக் கை பரபரத்துவிட்டது.

"இருங்கப்பா... அப்படியே இருங்க."

வீட்டுக்கு வந்த பெண்ணிடம் முகத்தை முறித்துப் பேச அப்பாவுக்குத் தெரியாது. பதினோரு நிமிஷமும் முறைத்தபடியே நின்றார். "எடுத்தாச்சாம்மா? சரி, போய்ட்டு வாங்க. கல்யாணத்துக்கு நான் வரல" என்றார்.

வரவில்லை. ரிஜிஸ்தர் ஆபீஸில் மாலை மாற்றும்போதுகூட நான் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். செல்போன்களில் நூறு படம் எடுத்தார்கள். ஒன்றிலும் அப்பா இல்லை.

நான்காம் நாள் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். முகம் செத்துக் கிடந்தது.

"என்னை ரெண்டு அடி அடிச்சுருடி."

விஷயம் இதுதான். ரோல் முடிந்தால் ஃபிலிமை டப்பாவுக்குள் முழுக்கச் சுற்றிவிட வேண்டும். கழுவும்போது இழுக்கச் சுலபம் என்று அக்கா நுனியைக் கொஞ்சம் வெளியே விட்டே வைப்பார். அப்படி வைத்தால் எடுத்த ரோலும் புது ரோலும் ஒரே மாதிரி இருக்கும். ஊரார் ரத்தத்துக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டுகிற மனுஷி, தன் ஃபிலிமுக்கு ஒரு சீட்டு ஒட்டமாட்டார். குத்தாலத்தில் எடுத்த ரோலையே மறுபடி போட்டு என் கல்யாணத்தை எடுத்திருந்தார். படத்துமேல் படம் விழுந்துவிட்டது.

படத்தை வாங்கிப் பார்த்தேன். ரிஜிஸ்தர் ஆபீஸ் மேஜைமேல் வரப்பு ஓடியது. செல்வத்தின் தலையில் ஒரு கொக்கு. மாலையும் கழுத்துமாக நின்ற எங்கள் இருவருக்கும் நடுவில், கையைக் கட்டிக்கொண்டு, அப்பா.

நான் ஓவென்று அழுதேன். திட்டப்போகிறேன் என்று நினைத்து அக்காவும் சேர்ந்து அழுதார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு குத்தாலத்துக்குப் பஸ் ஏறிவிட்டார். மத்தியானம் என் போன் அடித்தது. எத்தனையோ மாதம் கழித்து என்னிடம் பேசுகிற அப்பாவின் குரல்.

"அந்த இருங்க இருங்கன்னு சொல்ற பொண்ணு ஒரு போட்டோ குடுத்துச்சு. நான் எப்பம்மா வந்தேன்?"

"நீங்க வரலப்பா."

"நிக்கிறேனே."

மறுபடியும் படத்தைப் பார்த்திருப்பார் போல.

"நல்ல நாளும் அதுவுமா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கிறேன் பாரு. கொஞ்சம் சிரிச்சிருக்கலாம். மாப்பிள்ளையக் கூட்டிக்கிட்டு வாம்மா. இந்தத் தடவ ஒழுங்கா நிக்கிறேன்."

அக்காவையும் கூட்டிக்கொண்டு போனோம். அதே வரப்பு, தேய்த்த வெள்ளைச் சட்டையில் அப்பா, பக்கத்தில் செல்வம். பதினோரு நிமிஷமும் அப்பா சிரித்தார், வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போதும் சிரித்தார். நான் முதலில் சொன்ன அந்த ஒரே ஒருவர் அவர்தான். அந்த ரோலும் பல்சக்கரத்தில் மாட்டவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் எங்கள் கூடத்தில் மாட்டியிருப்பது அந்தப் பழைய படம்தான். பார்க்கிறவர்கள் கேட்டால், "அப்பா கல்யாணத்துக்கு வந்திருந்தார்" என்றே சொல்கிறேன். கூட்டிக்கொண்டு வந்தவர் எங்கள் இருங்கக்கா.